இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி

மூஸ் என்கிற, குதிரையைவிடப் பெரிய காட்டுமானை வேட்டையாடும் உரிமத்துக்கு மனுப் போடும்போது வீட்டுப் பெண்களின் பெயரையும் சேர்த்துப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். குலுக்கலில் பெயர் கூடினால் யோகமும் கூடும் என்று கணக்கு. பெயர் எங்களுடையது, சுடுவது ஆண்கள். என் மாமியார் பெயரில் மூன்று மூஸ் விழுந்திருக்கிறது. அந்த அம்மாள் தன் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அதட்டியது கிடையாது.

அந்த வருடம் ஜூன் மாதம் வந்த உறையில் என் பெயரும் என் நாத்தனார் ரோண்டாவின் பெயரும் இருந்தன. இருவருக்கும் சேர்த்து ஒரே உரிமம், ஒரே மூஸ். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

நான் கிளெண்டா பார்டி. ஹேரிங் ஆர்ம் என்ற கடலோர ஊரில் நண்டு ஆலையில் வேலை. என் கணவர் டெரெக் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் வீட்டில் நான் மட்டும்தான். ரோண்டா அவருடைய தங்கை. ஆலையில் என் பக்கத்தில் நின்று நண்டுக்கால் உடைப்பவள். வீடும் பக்கத்து மேட்டில்தான். ஆள் நல்ல உயரம். நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். இடக்கைக்காரி. வலது கண்ணில் பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல்.

உறை வந்த அன்று சாயங்காலமே ஹெட்லி வந்துவிட்டார். டெரெக்குக்கும் ரோண்டாவுக்கும் அண்ணன். எங்கள் வீட்டில் தேநீர் கொதிக்கும் சத்தம் அவர் வீட்டுக்கு எப்படிக் கேட்கிறதோ தெரியாது.

"அடி சக்கை! என் துப்பாக்கிக்கு இந்த வருஷமும் வேலை வந்திருச்சு" என்று கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "வழக்கம்போலதான். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

"பாதியா?" என்றாள் ரோண்டா. "போன தடவை உன் பாதியில நாலு காலும் இருந்துச்சு. எங்க பாதியில கழுத்தும் வாலும் இருந்துச்சு."

"சுடறவனுக்குக் கூலி வேணாமா? பெட்ரோல் என்ன உங்கப்பனா போடறாரு?"

"உனக்கும் அவருதாண்ணே அப்பா."

"இந்தத் தடவை நாங்களே சுட்டுக்கறோம் அத்தான்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான் என்று தெரிய எனக்கே கொஞ்சம் நேரமாயிற்று.

ஹெட்லிக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எதால சுடுவீங்க? துடைப்பக்கட்டையாலயா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அனுமதி அட்டை எங்கள் இருவரிடமும் இருந்தது. முந்தைய குளிர்காலத்தில் தீயணைப்பு நிலைய மாடியில் வகுப்பு நடந்தபோது, ஆலை மூடியிருந்ததாலும் அங்கே நல்ல கணப்பு இருந்ததாலும் போய் உட்கார்ந்தோம், தேர்வும் தேறிவிட்டோம். ஆனால் துப்பாக்கிதான் இல்லை. புயலில் கூரை போன வருடம் டெரெக் தன் துப்பாக்கியை விற்றுத்தான் தகடு வாங்கினார்.

ஹெட்லி போன பிறகு ரோண்டா என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நெஜமாத்தான் சொன்னியா?"

"தெரியலடீ. வாய் சொல்லிருச்சு."

"வாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவளிடம் காட்டுப்பழம் பறித்து விற்ற பணம் இருந்தது. என்னிடம் மிகை நேர வேலைப் பணம் கொஞ்சம். இரண்டையும் சேர்த்தால் எழுநூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதற்குள் துப்பாக்கி, குறி பார்க்க அதன்மேல் மாட்டும் ஸ்கோப் கண்ணாடி, தோட்டா எல்லாம் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. குட்டையான எனக்கும், நெட்டையான இடக்கைக்காரிக்கும் சேர்த்து ஒன்று.

செய்தி ஆலைக்குள் பரவியதும் யோசனைகள் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் மதம் மாறினவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். தோட்டா ரகம் மாறினவனை மன்னிக்க மாட்டார்கள். மேற்பார்வையாளருக்கு அவர் தாத்தா காலத்துப் பட்டாளத் துப்பாக்கி, த்ரீ நாட் த்ரீதான் தெய்வம். பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர் முப்பது நாட் ஆறுக்குக் குறைந்தால் மூஸ் சிரிக்கும் என்றார். எடை போடும் பெண்ணின் புருஷன் தனியாக வீட்டுக்கே வந்து, நாங்கள் கேட்காமலே சுவரில் படம் போட்டு விளக்கினான். எல்லோரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். பெரிய மிருகத்துக்குப் பெரிய குண்டு.

அந்தக் கட்சியின் தலைவர் ஹெட்லி. அவரிடம் இருந்தது முந்நூறு மேக்னம். அதன் தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரலைவிட நீளம்.

"வாங்கறதுக்கு முன்னால என்னுதைச் சுட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் ஜல்லிக் குழிக்குக் கூட்டிப் போனார். குறிப்பலகை நட்டார். காதடைப்பான் கொடுத்தார். எல்லாம் முறையாகத்தான் செய்தார்.

அந்தத் துப்பாக்கியின் தோளில் பதிக்கும் கட்டை என் கைக்கு ரொம்ப நீளம். ஸ்கோப்புக்குள் படம் தெரிய வேண்டுமென்று கழுத்தை நீட்டி நீட்டி முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். விசையை இழுத்தேன். கதவோடு யாரோ என்னை உதைத்துத் தள்ளியது போல இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்தேன். வலது புருவத்திலிருந்து சூடாக என்னவோ வழிந்தது. ஸ்கோப்பின் விளிம்பு பிறை வடிவத்தில் வெட்டியிருந்தது.

ஹெட்லி பதறிப்போனார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றி என் நெற்றியில் அழுத்திப் பிடித்தார். மருத்துவமனை வரை வண்டியை அவர் ஓட்டிய வேகத்தில் எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. தையல் போட்டு வெளியே வந்ததும்தான் அவருக்கு நாக்கு திரும்பியது.

"இது வேட்டைக்காரன் வடுன்னு சொல்லுவாங்க. ஆனா கிளெண்டா, மூஸுன்னா இந்த மாதிரி வேணும். இதைத் தாங்க முடியலைன்னா..."

"வண்டியை ஓட்டுண்ணே" என்றாள் ரோண்டா.

புருவம் ஆறிவிட்டது. ஆனால் வேறொன்று ஒட்டிக்கொண்டது. ஆலையில் உறைபெட்டியின் மூடி விழும் சத்தம் கேட்டாலே என் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், கண் மூடிக்கொள்ளும். ஒருநாள் பக்கத்தில் யாரோ தும்மியதற்குக் கையிலிருந்த நண்டை வீசிவிட்டேன்.

"விட்டுரலாம்டீ" என்றேன் அவளிடம்.

"மேக்னத்தை விட்டுரலாம். மூஸை எதுக்கு விடணும்?" என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் நெஞ்சில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "நான் யோசிச்சுப் பாத்தேன் அண்ணி. ரெண்டு நுரையீரலும் ஓட்டையாச்சுன்னா விழ வேண்டியதுதான். தன்னைத் தொளைச்சது எந்த ரகம், என்ன விலைன்னு கேட்டுட்டா அது விழப் போவுது? சரியான எடத்துல படணும். சரியான எடத்துல படணும்னா நீ கண்ணைத் தெறந்து வச்சிருக்கணும். நீ கண்ணைத் தெறந்து வச்சிருக்கற துப்பாக்கி எதுவோ, அதான் நம்ம துப்பாக்கி."

ஊர் முழுக்கச் சொன்னதைவிட அது எனக்கு நன்றாக விளங்கியது.

ஜூலைக் கடைசியில் காண்டர் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தாடி வைத்த, அவசரப்படாத மனிதர். என் புருவத்தைப் பார்த்ததும் பாதிக் கதை அவருக்குப் புரிந்துவிட்டது, எதுவும் கேட்கவில்லை.

முதலில் புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, ஸ்கோப்போடு சேர்த்தே விலை. எங்கள் பணத்துக்குள் அடங்கியது. "இந்த விலைக்கு இதைவிட நேரா சுடற துப்பாக்கி கெடைக்காது. த்ரீ நாட் எய்ட். நடுத்தர ரகம். தோட்டா எந்தப் பெட்டிக்கடையிலயும் கெடைக்கும்" என்றார்.

நான் தோளில் வைத்துப் பார்த்தேன். பரவாயில்லை. ரோண்டா வாங்கி இடது தோளில் வைத்தாள். அடுத்த தோட்டாவை ஏற்ற இழுக்க வேண்டிய போல்ட், வலப் பக்கம் இருந்தது. அதைப் பிடிக்க அவள் துப்பாக்கியின் மேலே கையைக் கொண்டுபோய் வளைத்தது, சட்டைக்கு முதுகுப்பக்கம் பொத்தான் போடுவது போல இருந்தது.

"வலது தோள்ல வச்சுப் பாருங்களேன்" என்றார் கடைக்காரர்.

"வைக்கலாம். ஆனா அந்தக் கண்ணுக்கு நீங்களே மூஸ் மாதிரிதான் தெரியறீங்க."

அவர் சிரித்துவிட்டார். இடக்கைக்காரர்களுக்கென்று செய்தது உண்டாம். விலை கூட, வரவழைத்தால் வேட்டைக்காலம் முடிந்துதான் வரும். அதற்குப் பதிலாக நடுவில் மடக்கித் திறந்து ஒரே ஒரு தோட்டா போடும் துப்பாக்கி ஒன்றைக் காட்டினார். எந்தக் கைக்கும் பொருந்தும். விலை நாங்கள் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. ரகம் டூ ஃபார்ட்டி த்ரீ, சின்னக் குண்டு. கையில் எடுத்தால் குடை போல லேசாக இருந்தது. உதைக்கவே உதைக்காது என்றார். எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. இதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கால் துடித்தது.

ரோண்டா கடைக்காரரை நேராகப் பார்த்தாள். "உங்க சம்சாரம் மூஸுக்குப் போனா இதைக் குடுத்து அனுப்புவீங்களா?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "சட்டம் ஒத்துக்கும். கிட்டத்துல, நல்ல தோட்டாவோட, விலா எலும்புக்கு நடுவுல பட்டா விழுந்துரும். தோள் எலும்புல பட்டா எனக்கு நம்பிக்கை இல்ல. அனுப்ப மாட்டேன்."

"இதே துப்பாக்கியில த்ரீ நாட் எய்ட் இருக்கா?"

"இருக்கு. ஆனா லேசான துப்பாக்கியில பெரிய தோட்டாவைப் போட்டா, உதையைத் தாங்கறதுக்கு எடை வேணாமா? அத்தனையும் உங்க தோள்ல வந்து எறங்கும்."

என் தோள் அப்போதே தூக்கிக்கொண்டது. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பழைய துப்பாக்கிகள் இருந்த மூலைக்குப் போனார்.

கொண்டுவந்தது பார்க்க ஒன்றும் அழகில்லை. மரக்கட்டையெல்லாம் கீறல். பழைய சொந்தக்காரன் கத்தியால் தன் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கி வைத்திருந்தான். இரும்பில் நீலப் பூச்சு போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. போல்ட் கிடையாது, விசைக்கு அடியில் ஒரு லீவர். அதைக் கீழே இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு, கட்டையின் முதுகில் கட்டைவிரல் படும் இடத்தில். வலமும் இல்லை இடமும் இல்லை. ஸ்கோப்பும் இல்லை. பின்னால் ஒரு சின்ன இரும்பு வளையம், முன்னால் குழல் நுனியில் கடுகளவு ஒரு மணி. வளையத்துக்குள் மணியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"த்ரீ நாட் எய்ட்தான். நல்ல கனம். அதனால உதை பாதி அதுக்குள்ளயே போயிரும்" என்றார். "யாரோ கட்டையை அறுத்துக் குட்டையாக்கியிருக்கான். அதனாலதான் விலையும் எறங்கிருச்சு. அலமாரியில வைக்க வாங்கறவன் எவனும் இதைத் தொட மாட்டான்."

தோளில் வைத்தேன். கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. கண்ணைத் திறந்தால் வளையம், வளையத்துக்குள் மணி. முகத்துக்குப் பக்கத்தில் குத்துவதற்கு எதுவும் இல்லை. ரோண்டா வாங்கி இடது தோளில் வைத்தாள். லீவரை இறக்கி ஏற்றினாள். மறுபடி இறக்கி ஏற்றினாள். நெட்டையானவள் குட்டைக் கட்டைக்குக் குனிந்துகொள்ளலாம். குட்டையானவள் நெட்டைக் கட்டைக்கு எம்பிக்கொள்ள முடியாது.

"ஸ்கோப் இல்லாம எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டேன்.

"பழகினவனுக்கு நூத்தம்பது கஜம். நீங்க அதுல பாதியில ஆரம்பிங்க. ஸ்கோப்புக்குப் போடற பணத்தைத் தோட்டாவுல போடுங்க. வாங்கி மாட்டறதுல ஒண்ணுமில்ல. சுட்டுச் சுட்டுத்தான் குறி வரும்."

விலை பேசும் வேலையை ரோண்டா எடுத்துக்கொண்டாள். கீறல் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள். கடைசியில் என் தலையைப் பிடித்துத் திருப்பிப் புருவத்தைக் காட்டி, "வடு இருக்கற துப்பாக்கியும் வடு இருக்கற அண்ணியும் சேந்திருக்காங்க. கல்யாணப் பரிசா ஒரு பெட்டித் தோட்டா குடுக்க மாட்டீங்களா?" என்றாள். அவர் இரண்டு பெட்டி கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் ஹெட்லி பார்த்தார். "இது கௌபாய் சினிமாத் துப்பாக்கியாச்சே! குதிரை எங்க? அதையும் பழசுலயே வாங்கினீங்களா?" ஆலையில் ஒரு வாரம் என்னைக் கண்டால் குளம்புச் சத்தம் எழுப்பினார்கள்.

முதல் நாள் ஜல்லிக் குழியில் நான் சுட்டது தாளிலும் படவில்லை, பலகையிலும் படவில்லை. பக்கத்தில் இருந்த அடிமரம்தான் செத்தது. அந்தத் துப்பாக்கி ஒன்றும் பெரிதாக உதைக்கவில்லை. பழைய உதைதான் எனக்குள் இருந்தது. விசையைத் தொடுவதற்கு முன்பே கண் மூடிவிடுகிறது.

ரோண்டா யோசித்தாள். "இனிமே நான்தான் உனக்குத் தோட்டா போட்டுத் தருவேன். நீ சும்மா வாங்கிச் சுடு. உள்ள இருக்கான்னு பாக்கக் கூடாது. ஆனா இருக்குன்னு நெனச்சுத்தான் புடிக்கணும்."

வாங்கினேன். குறி வைத்தேன். விசையை இழுத்தேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது. உள்ளே தோட்டா இல்லை. ஆனால் துப்பாக்கியின் முனை, மூக்கில் அடி வாங்கிய நாய் மாதிரி ஒரு முழம் கீழே குதித்தது.

"பாத்தியா? உதைச்சது துப்பாக்கி இல்ல. நீதான் அதை உதைக்கறே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் ஜல்லிமேல் உட்கார்ந்து சிரித்தேன். அதன்பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களில் இதுதான் பிழைப்பு. சில சமயம் தோட்டா இருக்கும், சில சமயம் இருக்காது. அவள் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம் என்றால் அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. மெல்ல மெல்ல என் கைக்குச் சலித்துவிட்டது. எது வரும் என்று தெரியாதபோது எதற்குப் பயப்படுவது? ஒரு நாள் விசையை இழுத்தபோது வெடித்தது. வெடித்தபோது நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது. குறியாக ஆணியடித்திருந்த காகிதத் தட்டின் நடுவில் ஓட்டை விழுந்து வெளிச்சம் தெரிந்தது.

தட்டு எத்தனை தூரத்தில் இருந்தால் ஒன்றுகூடத் தவறாமல் அடிக்கிறோமோ, அதுவே எங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டோம். அந்தத் தூரத்தைத் தாண்டி நின்றால் எங்களுக்கு அது மூஸே இல்லை, பாறை. ஒருநாள் விட்டு ஒருநாள் துப்பாக்கி கைமாறும். யார் கையில் இருக்கிறதோ அவள்தான் அன்று சுடுகிறவள். இவ்வளவுதான் எங்கள் சட்டம்.

வேட்டைக்காலம் தொடங்கியது. முதல் சனிக்கிழமை ரோண்டாவின் நாள். சதுப்பைத் தாண்டி ஒரு குளத்தின் கரையில் நின்றிருந்தபோது எதிர்க்கரையில் ஆண் மூஸ் ஒன்று வந்து தண்ணீரில் இறங்கியது. கொம்பு சாய்வு நாற்காலி மாதிரி விரிந்திருந்தது. தலையைத் தூக்கினால் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. ரோண்டா முழங்காலிட்டு, துப்பாக்கியைத் தூக்கி, நெடுநேரம் வளையத்துக்குள் பார்த்தாள்.

"சுடுடீ" என்று நான் முணுமுணுத்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணே ஒண்ணு. பட்டாலும் பட்டுரும்."

அவள் துப்பாக்கியைக் கீழே இறக்கினாள். "அது பாறை, அண்ணி."

பாறை நிதானமாகக் கரையேறி, உடம்பைச் சிலிர்த்து, மரங்களுக்குள் போய்விட்டது. அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வழியெல்லாம் குளத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடையில் இதை யாரிடமோ சொல்லப்போக, ஹெட்லி காதுக்கு எட்டிவிட்டது. "நான் இருந்தா அங்கயே சாஞ்சிருக்கும். மேக்னத்துக்குக் குளமெல்லாம் ஒரு தூரமா?" என்றார், ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் காற்று. அதற்கும் அடுத்த வாரம் ஒரு முயலைக்கூடப் பார்க்கவில்லை. குளிர்காலத்துக்கு ஆலை மூடும் நாளும் வந்தது. வெறும் உறைபெட்டியோடு குளிர்காலத்துக்குள் போகப்போகிறோம் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ஹெட்லியிடம் போய்க் கேட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. ரோண்டாவிடம் சொல்லவில்லை.

அதற்கடுத்த முறை போனபோது என் நாள். விடிந்தும் விடியாத மூட்டம். பழைய மரம்வெட்டிப் பாதை ஒன்று இருக்கிறது. இப்போது இரண்டு பக்கமும் ஆல்டர் புதர் அடைத்துவிட்டது. நான் முன்னால், அவள் பின்னால். ஈரத்தில் காலடிச் சத்தமே இல்லை. வளைவு திரும்பினால், பாதையின் நடுவில் ஒரு பெரிய பழுப்பு உடம்பு. கொம்பு சின்னதுதான், இளம் ஆண். புதரைக் கடித்து இழுத்துக்கொண்டு எங்களுக்கு விலாவைக் காட்டி நின்றது. எங்கள் தட்டு நிற்கும் தூரத்தைவிடக் கிட்டே. அதன் மூக்கிலிருந்து வரும் ஆவிகூடத் தெரிந்தது.

எப்போது தூக்கினேன், எப்போது பூட்டைத் தள்ளினேன் என்று நினைவில்லை. வளையம் இருந்தது, மணி இருந்தது. பின்னாலிருந்து, "மூச்சு விடு அண்ணி" என்று ரோண்டா சொன்னது மட்டும் கேட்டது. விட்டேன்.

வெடித்தது. மூஸ் அசையவில்லை. வாயில் இலையோடு அப்படியே நின்றது. படவில்லை என்று நினைத்தேன். கை தானாக லீவரை இறக்கி ஏற்றியது. மறுபடி அதே இடத்தைப் பார்த்தேன். மறுபடி வெடித்தது. மூஸ் எதையோ மறந்துவிட்டவனைப் போல மெல்லத் திரும்பி, கொஞ்சம் நடந்து, முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, படுத்துக்கொண்டது. பிறகு தலை சாய்ந்தது.

நாங்கள் அங்கேயே நின்றோம். அவசரப்பட்டுக் கிட்டே போகக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரோண்டா என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, பூட்டைப் போட்டாள். பிறகு என் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

கிட்டே போய் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. நான் அதன் கழுத்தில் கை வைத்து நன்றி சொன்னேன். ரோண்டா உரிமச் சீட்டைக் காலில் கட்டினாள். பிறகு இருவரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம்.

"இதை யாரு அண்ணி தூக்கறது?"

"நீதான். நெட்டையா இருக்கேல்ல."

பாறை ஒன்றின் மேல் ஏறினால் கைபேசிக்குக் கொஞ்சம் உயிர் வரும். "அண்ணனை நீ கூப்பிடு" என்றாள். "நான் கூப்பிட்டா சிரிச்சிருவேன்."

ஹெட்லி தன் நாலு சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, கயிறு, கத்தி, ரம்பம், எலும்புக் கோடரி, ஒரு பிளாஸ்க் தேநீர் எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு வார்த்தையும் கேலி பேசவில்லை. மூஸின் பக்கத்தில் மண்டியிட்டு, விலாவில் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். இரண்டு துளைகள். நடுவில் என் உள்ளங்கையை வைத்தால் இரண்டும் மறைந்துவிடும். அவர் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வயிற்றைத் திறந்து குடலை இறக்கி, நான்காக வெட்டி, துணிப் பையில் கட்டி, ஒவ்வொன்றாக வண்டிக்கு இழுத்தோம். அதிலெல்லாம் அவர் கைதேர்ந்தவர். எங்கே கத்தி வைத்தால் தோல் தானாகப் பிரியும் என்று காட்டிக் கொடுத்தார். பாதி வேலையில் அடிமரத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மூவரின் கையும் முழங்கை வரை சிவப்பு.

"தோள் வலிக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"எந்தத் தோள்?" என்றேன். நிஜமாகவே, உதைத்ததா என்றே எனக்கு நினைவில்லை.

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். மறுபடி திறந்தார். "போன வருஷம் ரெண்டு மூஸைத் தவற விட்டேன்" என்றார். "தூரம்னு ஊருல சொன்னேன். தூரமெல்லாம் இல்ல. இந்தா, அந்த மரம் வரைக்கும்தான் இருக்கும். இழுக்கற நேரத்துல கண்ணு மூடிக்குது. அந்தச் சனியன் உதைக்கப் போவுதேன்னு நெனச்சாலே பல்லு கிட்டிக்குது."

நான் ரோண்டாவைப் பார்த்தேன். விட்டுவிட மாட்டாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எத்தனை வருஷமாண்ணே?"

"வாங்கின நாள்லேருந்து."

"அப்புறம் ஏன் வச்சிருக்கே?"

"அதுக்குக் குடுத்த காசுக்கு, நல்லா இல்லன்னு எப்படிடீ வெளியில சொல்றது? வாய்க்கு வாய் மேக்னம் மேக்னம்னு வேற சொல்லி வச்சுட்டேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அவராகத்தான் இருக்க வேண்டும். காக்கைகள் பறந்துபோகும் அளவுக்குச் சிரித்தோம்.

பின்னங்கால் ஒன்றை அவர் வண்டியிலேயே விட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "எடுத்துக்கங்க அத்தான், பெட்ரோலுக்கு" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார், வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே என் சமையலறையில் மூஸின் இதயத்தை மெல்லிசாக அரிந்து, உப்புக்கண்டப் பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தோடு பொரித்தேன். மூன்று பேரும் ரொட்டியால் சட்டியைத் துடைத்துத் தின்றோம். ஆல்பர்ட்டாவிலிருந்து டெரெக் கூப்பிட்டார். மூஸ் விழுந்த விஷயத்தைச் சொன்னேன். "யாரு சுட்டது?" என்றார். "உன் பொண்டாட்டிதாண்டா" என்று ஹெட்லி என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கிக் கத்தினார். "ரெண்டு குண்டு. ரெண்டும் ஒரே எடத்துல. நான் கண்ணால பாத்தேன்!" சுட்டது அவர்தானோ என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும், அவ்வளவு பெருமை.

நவம்பரில் அவர் காண்டர் போய் மேக்னத்தைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிவந்தார். த்ரீ நாட் எய்ட். அதைப்பற்றி ஊரில் அவரே ஒரு புது உபதேசம் ஆரம்பித்துவிட்டார். தானே கண்டுபிடித்தது போலத்தான் பேசுகிறார். நாங்கள் மறுத்துச் சொல்வதில்லை.

ஆலையில் எடை போடும் பெண் ஒருநாள் கடையில் என்னிடம் வந்தாள். அவளுடைய புருஷன் சுவரில் படம் போட்டானே, அவள்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்தத் துப்பாக்கி வகுப்பு அடுத்து எப்போது நடக்கும் என்று கேட்டாள். ஜனவரியில் என்றேன். கணப்பு நன்றாக இருக்கும், மெத்தை எடுத்துவா, அந்த நாற்காலிகள் கடினம் என்றும் சொன்னேன். ஜனவரியில் அவள் வகுப்புக்குத் தனியாகப் போகவில்லை. நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.